முப்பத்தைந்து கிராம் கடல்

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
இருநூறு லிட்டர் டிரம்முக்கு ஏழு கிலோ கல்லுப்பு.
கோத்தகிரி மார்க்கெட்டில் கடைக்காரர் கேட்டார்
ஊறுகாய்க்கா, எருமைக்கா என்று.
கடலுக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. சில்லறை இல்லையென்று
இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

போன ஐப்பசியில்
ஃபேக்டரித் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்தேன்.
தலை மட்டும் மேலே, வால் அழகாகத் தொங்கியது.
முட்டத்துக் கடலில் அதே கட்டை
மல்லாந்து படுத்துக்கொண்டது.
இழுத்தால் தண்ணீரைக் கடிக்காமல்
வழுக்கி வழுக்கி வந்தது,
நழுவிய சோப்பு போல.
உப்புத் தண்ணீர் கூடுதலாகத் தூக்கும் என்பது
ஏழாம் வகுப்பில் படித்ததுதான்.
முட்டை படம்கூடப் போட்டிருந்தார்கள்.

இப்போது மேசையில் மூன்று கிடக்கின்றன.
ஒன்று கொச்சியில் வாங்கியது, நீல முதுகு,
விலையைப் பிரமிளாவிடம் பாதியாகச் சொன்னது.
ஒன்று மூழ்கும் ரகம், எதிர்காற்று நாளைக்கு.
அப்புறம் என்னுடையது.
புயலில் ஒடிந்த சில்வர் ஓக் கிளை,
ஷிஃப்ட் முடிந்து லேத்தில் கடைந்தேன்.
மூக்கிலிருந்து வால்வரை உள்ளே ஒரே கம்பி,
மரம் பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும்.
பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை.
மீன் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறது,
முதுகுக்கு அடிக்கிற வண்ணமெல்லாம் நமக்கு.

வயிற்றுக்கும் வாலுக்கும் ஒற்றை முள்.
மூன்று கவர் முள் நன்றாகப் பிடிக்கும்,
படகில் துள்ளும்போது கிளீட்டஸின் தொடையையும் பிடிக்கும்.
எதிர்நாக்கைக் குறடால் நசுக்கினேன்.
வளையம்தான் பயம்.
போன தடவை எல்லாம் பிடித்தது, முள், முடிச்சு, என் முதுகு,
வளையம் மட்டும் வாயைத் திறந்தது.
அதைச் சாவிக்கொத்தாக்கி வைத்திருக்கிறேன்.
வாரம் ஒரு சாவி தொலைகிறது.

லீடரோடு நூலைச் சேர்த்து இருபது சுற்று,
எச்சில் தொட்டு இறுக்கி,
மறுமுனையில் நிறை சிலிண்டரைக் கட்டித் தூக்கினேன்.
முப்பது கிலோ. நல்ல பாறை மீனும் அவ்வளவுதான்.
அது ஓடுமே, இது ஓடாதே என்றாள் பிரமிளா,
சாம்பாரைக் கிளறியபடி.
சீக்கிரம் கீழே வை, அப்பளம் பொரிக்கணும்.

ராத்திரி பத்து மணிக்குக் கிளீட்டஸ்.
பின்னால் அலைச் சத்தமா, சிக்னல் இரைச்சலா தெரியவில்லை.
'பாறை பொங்கி நிக்கு மக்கா. எப்போ வாறீரு?'
இங்கேயும் பாறைதான் என்றேன்.
குஞ்சப்பனைக்கு மேலே,
நடு ரோட்டில்,
ஒரு பஸ் அளவுக்கு.
அவருக்கு அரை நிமிஷம் புரியவில்லை.
'தூண்டில் போடும் அதுக்கு' என்றார்.

குன்னூர் வழியும் சொல்ல முடியாதாம்.
டார்ச் எடுத்துப் பின்பக்கம் போனேன்.
தேயிலைச் சரிவு முழுக்க மழை,
கால் விரலிடுக்கில் ஒரு அட்டை.
டிரம்மை மூட மறந்திருக்கிறேன்.
என் கட்டை நின்றுகொண்டிருந்தது,
முள்ளும் வளையமும் மாட்டி,
மூக்கு மட்டும் வெளியே.
சாயங்காலம் கோடு போட்டு வைத்த இடத்துக்கு
ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது.
மழை விழ விழக்
கடல் நீர்த்துக்கொண்டிருந்தது,
விளிம்பு வழிந்து
பக்கத்து வீட்டுப் பீன்ஸ் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

சமையலறைக்குத் திரும்பினேன்.
ஏழு கிலோவும் போட்டாயிற்று.
அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில்
பிரமிளாவின் உப்பு ஜாடி.
ஒரு பிடி எடுத்தேன்.
யோசித்து,
இன்னொரு பிடி.